சார் இன்னைக்கு எப்படி இருக்கார்?

முதல்வர் அறைக்கு வெளியே ஒரு மர ஸ்டூலில் அலுவலக உதவியாளர் உட்கார்ந்திருப்பார். ஐந்து ஆண்டுகளாக அவரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, சார் இன்னைக்கு எப்படி இருக்கார்?" அவர் உதட்டைப் பிதுக்கினால் துறைக்குத் திரும்பிவிடுவேன். தலையை லேசாக அசைத்தால் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, கோப்போடு உள்ளே போவேன். செவ்வாய் மூன்று முதல் நாலரை வரை ராகு காலம், அப்போது எதையும் கேட்கக் கூடாது. பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்த பிறகு கேட்கக் கூடாது. மகள் ஊரிலிருந்து வந்திருக்கும் வாரத்தில் கேட்கலாம். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். யாப்பருங்கலக்காரிகைகூட இந்த அளவுக்கு மனதில் நின்றதில்லை.

நான் தமிழ் கற்பிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராக இருந்த ஆண்டுகளில் நான் அதிகம் செய்த வேலை, ஒரு மனிதருடைய ஆர்வம் அணைந்துவிடாமல் பார்த்துக்கொண்டதுதான். குழு கூடிய நேரத்தைவிட அவர் முகத்தைப் படித்த நேரம் அதிகம். அந்த வேலை நியாயமானதா என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. மேலாண்மைத் துறைக்காரர் ஒருவர், ஒரு நிறுவனத்தில் மாற்றத்தைக் கொண்டுவருவது எப்படி என்று திரையில் படம்போட்டு விளக்கினார். ஜான் காட்டர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1996இல் எழுதிய புத்தகத்திலிருந்து எட்டுப் படிகளைச் சொன்னார். பிறகு தன் அனுபவத்துக்கு வந்தார். மேலே இருப்பவர்கள் தொடக்க விழாவில் உற்சாகமாக இருப்பார்கள். பாதி வழியில் கவனம் வேறெங்கோ போய்விடும். மாற்றங்கள் பெரும்பாலும் சாவது அங்கேதான். ஆகவே அவர்களுடைய ஈடுபாட்டைத் தக்கவைக்க வேண்டும். சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர்கள் எதற்குக் கவலைப்படுகிறார்களோ அந்த மொழியில் சொல்லுங்கள். சின்னச் சின்ன வெற்றிகளைச் சீக்கிரம் காட்டுங்கள். யோசனை தங்களுடையது என்று அவர்கள் நினைக்கட்டும்.

எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வீட்டு விலங்கியல் தெரிந்தவர்களின் சிரிப்பு அது. பக்கத்தில் இருந்த அக்கா என் காதில், "இதுக்கு இவருக்குக் காசு வேற குடுக்கிறாங்களா?" என்றார்.

என் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, மேற்கொண்டு படிக்கப் பாளையங்கோட்டைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். அம்மா அந்தப் பேச்சை எடுக்க ஏழு மாதம் காத்திருந்தாள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. பொங்கலுக்கு முந்தின வாரம், வெல்லமும் பச்சரிசியும் விற்றுத் தீர்ந்து, அப்பா கல்லாவை எண்ணி முடித்துச் சாப்பிட உட்கார்ந்த இரவில் அவள் ஆரம்பித்தாள். நேராக இல்லை. "பக்கத்துத் தெரு வாத்தியார் வந்தாரு. உங்க மக நல்லா படிக்கிறான்னு நாலு பேரு முன்னால சொன்னாராம்" என்றாள். மறுநாள் வேறொன்று. பங்குனி வாக்கில் அப்பாவே, "இந்தப் புள்ளைய நான் காலேசுக்கு அனுப்பலாம்னு இருக்கேன்" என்று அறிவித்தார். அம்மா முகத்தில் ஆச்சரியத்தை வரவழைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் வழங்கும் கதை, அப்பா என்னைப் படிக்க வைத்தார் என்பதுதான். என் முனைவர் பட்ட ஆய்வேட்டைக்கூட 'என்னைப் படிக்க வைத்த அப்பாவுக்கு' என்று காணிக்கையாக்கினேன். அது பொய்யில்லை. கட்டணம் கட்டியது அவர்தான்.

ஒரு மாற்றத்தை அடியிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறவளுடைய உழைப்பு, மாற்றம் வந்த பிறகு எங்கும் எழுதப்படுவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியபோது, தன் உணர்ச்சியை அடக்கி அடுத்தவர் உணர்ச்சியைப் பேணுவதும் ஒரு உழைப்பே என்றார். உணர்வுழைப்பு என்று தமிழில் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் விமானப் பணிப்பெண்ணின் பயணி இறங்கிப் போய்விடுவார். எங்கள் முதல்வர் எங்கும் இறங்கவில்லை.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1992இல் ராஜஸ்தானில், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலைபார்த்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அதையொட்டி விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளைத் தந்தது. அது சட்டமாவதற்கு 2013 ஆனது. பல்கலைக்கழக மானியக் குழு '2015 விதிமுறைகள்' என்ற பெயரில் உயர்கல்வி நிறுவனங்களுக்கெனத் தனி விதிமுறைகளை வெளியிட்டது. குழுவுக்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் உறுப்பினராகக் கூடாது என்று 2015 விதிமுறை சொல்கிறது. குழு யாருக்கும் அஞ்சாமல் நடக்க வேண்டும் என்பதற்காக வைத்த நல்ல விதி.

ஆனால் குழு விசாரித்து எழுதும் அறிக்கை எங்கே போகிறது? அதே நிர்வாகத்தின் மேசைக்கு. அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பரிந்துரையின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியவர் அவர்தான். முன்வாசலில் அவரை வெளியே நிறுத்தும் சட்டம் பின்வாசல் சாவியை அவரிடமே கொடுத்துவைத்திருக்கிறது. வேறெப்படியும் செய்ய முடியாது என்பது எனக்கும் புரிகிறது. தண்டிக்கும் அதிகாரம் நிறுவனத் தலைமையிடம்தானே இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வாசலுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

எங்கள் குழு பல ஆண்டுகள் அறிவிப்புப் பலகையில் மட்டும் இருந்தது. அதை உண்மையாக இயங்கவைக்க வேண்டும் என்று மூன்று பெண்கள் கிளம்பியபோது முதல்வர் எங்களைவிட உற்சாகமாக இருந்தார். நாக் குழு வரவிருந்தது. அதன் ஏழாவது அளவுகோலில் அப்போது பாலினச் சமத்துவத்துக்கு இடமிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினோம். ஃபிளெக்ஸ் பேனரில் அவர் படம் பெரிதாகவும், குழுவின் பெயர் கீழே சின்னதாகவும் இருந்தது. பெண்மையைப் போற்றுவது நம் மரபு என்று நாற்பது நிமிடம் பேசினார். நான் கைதட்டினேன். மனதாரவே தட்டினேன். விடுதிப் பெண்களுக்கு இரவு வாசல் மூடும் நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றோம், அரை மணி நேரம் தள்ளினார். ஆய்வகக் கட்டடத்தில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தந்தார். "சார், நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே..." என்று ஆரம்பித்து, அவர் எந்த அன்றைக்கும் சொல்லாத யோசனைகளை அவர் வாயில் வைத்தோம். ஒவ்வொன்றும் நடந்தது. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்துமிருந்தது. மற்றவர்கள் காத்திருக்க நான் உள்ளே போய்வர முடிந்தது. அதிகாரத்தின் பக்கத்தில் நிற்பதிலும் ஒரு சூடு இருக்கிறது.

பிறகு முதல் புகார் வந்தது.

அந்தப் புகாரைப் பற்றி எதையும் எழுதச் சட்டம் அனுமதிக்காது. அனுமதித்தாலும் எழுத மாட்டேன். அவள் துறை, ஆண்டு எதையும் சொல்லப்போவதில்லை. ஒரு மாணவி, குற்றம் சாட்டப்பட்டவர் கல்லூரியில் செல்வாக்குள்ளவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குழு விசாரித்தது. அறிக்கை எழுதினோம். நாள் தவறாமல் கொடுத்தோம். அறிக்கை மேசைக்குப் போன நாளிலிருந்து முதல்வரைப் பார்ப்பது கடினமாகிவிட்டது. கழிப்பறைத் தாழ்ப்பாளில் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. இதில் இருந்தது.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். காத்திருந்தேன். நெருக்கினால் முரண்டுவார், ஒரேயடியாகக் கதவை மூடிவிடுவார், இனி வரும் பெண்களுக்கும் வழி அடைபடும் என்று மற்ற இருவருக்கும் சொன்னேன். பட்டமளிப்பு விழா முடியட்டும் என்றேன். அது முடிந்ததும், அவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அண்ணனிடம் போய், "சார் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஒரு மாலை அந்த மாணவி துறை வாசலில் நின்றிருந்தாள். எங்கள் துறைப் பிள்ளைகள் என்னை அம்மா என்பார்கள். மற்றவர்களுக்கு மேடம். அவளுக்கு நான் மேடம்தான். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, சாரைப் பக்குவமா கொண்டுவரணும்" என்றேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை.

"அவருக்குக் கோபம் வராமப் பாத்துக்கறீங்க மேடம். சரி. நான் தினமும் அந்த வராண்டாவுல நடந்துதான் கிளாஸுக்குப் போறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் எண்ணினேன். அறிக்கை கொடுத்து 41 நாள் ஆகியிருந்தது. முதல்வருடைய ஈடுபாட்டைக் காப்பாற்ற என் பொறுமையைச் செலவழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தியாக உணர்வுகூட இருந்தது. உண்மையில் நான் செலவழித்தது அவளுடைய நாட்களை. அவளைக் கேட்காமல், 41 முறை அவளை அந்த வராண்டாவில் நடக்கவிட்டு, அதற்கு விவேகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கேள்வி பிடிபட்டது. தலைமையை அனுசரித்துப் போவது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. அந்த அனுசரணைக்கு விலை கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். அம்மா காத்திருந்த ஏழு மாதமும் விழுங்கிய பேச்சு அவளுடையது, பழிகிடந்ததும் அவளே. (என் ஏழு மாதமும்தான் என்று சொல்லலாம். ஆனால் நான் அப்போது பள்ளியில் இருந்தேன், எதையும் இழக்கவில்லை.) கழிப்பறை விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுத்தது எங்கள் பெயரை. இந்த முறை விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. இன்னொருத்தியின் கையிலிருந்து எடுத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றுவதில் நேருவுக்கு விருப்பமில்லாமல் இல்லை. ஆனால் கட்சிக்குள் எதிர்ப்பு, குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் எதிர்ப்பு, வரவிருந்த முதல் பொதுத்தேர்தல் எல்லாம் சேர்ந்து 1951 செப்டம்பரில் மசோதா கைவிடப்பட்டது. சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் பதவி விலகினார். அவர் சொன்ன காரணங்களில் இந்த மசோதாவும் ஒன்று. தேர்தலுக்குப் பிறகு நேரு அதைத் துண்டுகளாக்கி, 1955, 1956 ஆண்டுகளில் நான்கு சட்டங்களாகக் கொண்டுவந்தார். பொறுத்திருந்து காரியம் சாதித்தார் நேரு என்று இதை வகுப்பில் சொல்வதுண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை அந்தச் சட்டங்களில் வரவில்லை. தமிழ்நாட்டில் 1989இல் வந்தது, அதுவும் அப்போது திருமணமாகாத பெண்களுக்கு மட்டும். நாடு முழுவதற்கும் 2005இல். பொறுத்திருந்தவர் ஒருவர், இடையில் வெறுங்கையோடு செத்துப்போன பெண்கள் வேறு யாரோ.

நான் வகுப்பில் அகப்பாடல்களை நடத்துகிறவள். தோழியைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். வரைவு கடாதல் என்றொரு துறை உண்டு. களவில் வந்துபோகும் தலைவனைத் திருமணத்துக்கு இசையவைக்கத் தோழி செய்யும் வேலை. இரவில் வருகிறவனைப் பகலில் வா என்பாள், பகலில் வருகிறவனை இரவில் வா என்பாள். வழி பொல்லாதது என்பாள். ஊர் அலர் தூற்றுகிறது, தாய் வீட்டுக்குள் அடைத்துவிட்டாள், வேற்றார் பெண்கேட்டு வருகிறார்கள் என்று ஒவ்வொன்றாக அவன் காதில் போடுவாள். அவன் கோபித்துக்கொண்டு போய்விடவும் கூடாது, சுகமாக இப்படியே வந்துபோய்க்கொண்டிருக்கவும் கூடாது. தலைமையின் ஈடுபாட்டைத் தக்கவைப்பதற்கு இதைவிட நுட்பமான பயிற்சி எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் கிடையாது. தோழிக்கென்று ஒரு காதல், ஒரு வீடு, ஒரு பெயர் அந்தப் பாடல்களில் கிடையாது என்பதையும் வகுப்பில் சொல்வேன். மாணவிகள் அந்த இடத்தில் சற்றுநேரம் பேசாமல் இருப்பார்கள்.

ஆனால் அவளுக்கு இன்னொரு துறையும் இருக்கிறது. அறத்தொடு நிற்றல். தலைவனை நயந்து நயந்து பார்த்துக் காலம் கடக்கும்போது, அல்லது வேற்றார் மணம்பேச வரும்போது, தோழி அவனை விட்டுவிட்டுச் செவிலியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவாள். தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு என்று அந்த உண்மை மேலேறும். அவனுடைய மனநிலை அங்கே கணக்கில் இல்லை. இலக்கணம் இதற்கு அறம் என்றே பெயர் வைத்திருக்கிறது. முன்னதற்கு அந்தச் சொல்லைத் தரவில்லை. இருபது ஆண்டு இதை நடத்திய எனக்கு இந்த வேறுபாடு உறைக்க ஒரு மாணவி வராண்டாவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

கூடவே ஒரு சங்கடமும் உண்டு. நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் எப்படிச் சொல்வாள்? குறிப்பால் உணர்த்துவாளே தவிர வாய்விட்டுச் சொல்வதில்லை என்கிறது இறையனார் களவியல். கடைசிப் படியில் மறுபடியும் என் அம்மாதான், கல்லாவை எண்ணி முடிக்கும்வரை காத்துக்கொண்டு.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், கடிதம் எழுதினோம். யோசனை என்னுடையதில்லை, குழுத் தலைவராக இருந்த அக்காவுடையது. அறிக்கை தந்த தேதி, விதிமுறை சொல்லும் 30 நாள், கடந்துபோன நாட்கள். "தாங்கள் அன்று கூறியபடி" இல்லை, "தங்கள் மேலான கவனத்துக்கு" இல்லை. முதல்வர் அறைக்குள் போகாமல் தபால் பிரிவில் கொடுத்து, பதிவேட்டில் எண் போடவைத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். வெளி உறுப்பினருக்கு ஒரு நகல். அண்ணன் ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

நடவடிக்கை வந்தது. நாங்கள் பரிந்துரைத்ததில் ஏறக்குறையப் பாதி. அந்த மாணவி படிப்பை முடித்தாள். கடைசி வரை என்னோடு அதிகம் பேசவில்லை. பேச வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. முதல்வர் ஓய்வுபெறும்வரை என்னிடம் "சொல்லுங்க" என்பதைத் தாண்டி எதுவும் பேசவில்லை. விடுதி வாசல் நேரம் பழையபடி அரை மணி முன்னால் வந்துவிட்டது. நான் பயந்தது அந்த அளவுக்கு நடக்கத்தான் செய்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். கூடவே என் பழைய குறையையும். "என்னைப் படிக்க வெச்சது நீதானே, ஏன் ஒருநாளும் சொல்லலை?"

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கேட்டு வாங்கினது நான்தான்னு சொல்லியிருந்தா, அடுத்து உன் தங்கச்சிக்குக் கேக்க முடியுமா?"

என் தங்கை பொறியியல் படித்தாள். அம்மாவின் கணக்கில் தவறு காண முடியவில்லை. அவளிடம் தபால் பிரிவும் பதிவேடும் இல்லை.

சென்ற ஆண்டு எனக்குத் துறைத்தலைவர் பொறுப்பு வந்தது. 2015 விதியின்படி குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர், முதலாண்டுப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும், பெண் எழுத்துக்கு ஒரு தனித்தாள் வேண்டும் என்று வந்தார். எனக்கு உற்சாகமாக இருந்தது. முதல் கூட்டத்தில் நானே அரை மணி நேரம் பேசினேன். இப்போது பருவத்தேர்வு, ஆய்வேடுகள், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய புள்ளிவிவரங்கள். போன வாரம் அறைக்குள் இருந்தபோது வெளியே அவர் குரல் கேட்டது. துறை உதவியாளரிடம் தணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "மேடம் இன்னைக்கு எப்படி இருக்காங்க?"

உதவியாளர் என்ன சைகை காட்டினாரோ, அவர் உள்ளே வரவில்லை. அவருடைய வரைவு என் மேசையின் இடப்பக்க அடுக்கில் இருக்கிறது. இன்றோடு 19 நாள்.